குடைமிளகாய்க்கு வாரிசு இல்லை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கொல்லை இருந்தது, தோட்டம் கிடையாது. கச்சேரி ரோடிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், முன்னால் திண்ணையும் பின்னால் கொல்லையுமாக நீளவாக்கில் கட்டிய பழைய வீடு. கொல்லை என்றால் கிணறு, துவைகல், விறகுக் கொட்டகை, கோடியில் கக்கூஸ். இவற்றுக்கு நடுவே மிஞ்சிய மண்ணில் ஒரு அவரைப் பந்தல், கொட்டகைக் கூரைமேல் சுரைக்கொடி, சுவரோரம் பாகல், வெண்டை, கத்தரி, பச்சைமிளகாய், ஒரு நார்த்தை, இரண்டு தென்னை, வாழை. இவ்வளவு இருந்தும், "எங்கள் வீட்டில் தோட்டம் போட்டிருக்கிறோம்" என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் செடி இருந்தது. அவ்வளவுதான் பாசனத் திட்டம்.

இன்றைக்கு அடையாறில் எனக்குத் தோட்டம் இருக்கிறது, மண் கிடையாது. மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள். அதை அழுத்திச் செங்கல் மாதிரி கட்டியாக்கி, பாலிதீன் சுற்றி, 'கோகோபீட்' என்று பேர் போட்டு விற்கிறார்கள். தண்ணீரில் போட்டதும் உப்பி வாளி நிறையப் பொங்குகிறது. அந்த நாரால் பாட்டி பாத்திரம் தேய்த்தாள். மிச்சத்தை வெந்நீர் அடுப்பில் போட்டாள். இப்போது அதைக் கூரியரில் வரவழைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். கூடவே செம்மண் ஒரு மூட்டை, மண்புழு உரம் ஒரு மூட்டை. மண்புழுவைக் கண்டால் கொல்லையில் துள்ளிக் குதித்து ஓடியவர்கள் நாங்கள்.

நிலமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. பத்திரத்தில் யு.டி.எஸ். என்று எனக்கும் சில நூறு சதுர அடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரிக்கப்படாத பங்கு. அது எங்கே இருக்கிறது என்று எந்த சர்வேயராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. என் கணக்குப்படி மூன்றாவது மாடிக்காரரின் காருக்கு அடியில் இருக்கிறது. ஆகவே எனக்கு மொட்டைமாடிதான் கதி. அதற்கும் அசோசியேஷனில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று ஒருவர், கொசு வரும் என்று ஒருவர், முதலில் மெயின்டெனன்ஸ் பாக்கியைக் கட்டச் சொல்லுங்கள் என்று ஒருவர். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே உள்ள பகுதியை, செங்கல் வைத்து உயர்த்தி அதன்மேல்தான் பைகளை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒதுக்கினார்கள்.

பாட்டிக்கு இந்தச் சங்கடங்கள் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே தோட்டக்கலைச் சாதனம் சமையலறைப் பரணில் இருந்த ஒரு தகரடப்பா. முழுக்க விறகடுப்புச் சாம்பல். அதற்குள் கத்தரி விதை, வெண்டை விதை, அவரைக்கொட்டை, ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் முடிந்து முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். எந்த முடிச்சில் எது என்று எழுதி வைத்ததில்லை. விரலால் நெருடிப் பார்த்தே சொல்லிவிடுவாள். சுரை விதையும் பூசணி விதையும் டப்பாவுக்குப் போகாது. மாட்டுச்சாணத்தில் பதித்து வரட்டி தட்டிக் கொல்லைச் சுவரில் அப்பிவிடுவாள். சாணம் காய்ந்து, விதையும் உள்ளே பத்திரமாக இருக்கும். பூச்சி அரிக்காது, எலி கிட்டே வராது. ஆடி பிறந்ததும் அந்த வரட்டியை உதிர்த்து விதையைப் பொறுக்குவோம். காய்ப்பின் நடுப்பருவத்தில் நல்ல திரட்சியான காயாக ஒன்றைப் பார்த்து வாழைநாரைக் கட்டிவிட்டால், அது விதைக்கு விட்ட காய். அதில் கைவைத்தால் முதுகில் விழும். நாரைக் கவனிக்காமல் அந்தக் கத்தரிக்காயைப் பறித்துச் சமைத்த ஒரு மருமகள், அதாவது என் சித்தி, அதற்கப்புறம் ரொம்ப நாள் கொல்லைப்பக்கமே போகவில்லை.

வெளியூர் உறவுகளுக்கும் விதை போகும். ஸ்ரீரங்கத்திலிருந்து யாராவது வந்து திரும்பும்போது ஒரு முடிச்சு அவர்களோடு போகும். அங்கிருந்து ஒரு முடிச்சு இங்கே வரும். அந்த விதைகளுக்கு விலை, பாக்கெட், காலாவதித் தேதி ஒன்றும் கிடையாது. போட்டால் போன வருஷத்துக் காய் மாதிரியே காய்த்தது. அதில் ஆச்சரியப்பட ஏதாவது இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

குடைமிளகாய் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பா தயவில். அவர் ஏஜீஸ் ஆபீஸ்; உலக விஷயம் தெரிந்தவர். சனிக்கிழமைகளில் கதீட்ரல் ரோடு வழியாக வருவார். அங்கே 1835-ல் டாக்டர் ராபர்ட் வைட் தொடங்கிய அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தோட்டத்தில் செடிகளை வேடிக்கை பார்த்துவிட்டு, எப்போதாவது ஒரு ரோஜாப் பதியனையும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் ஒரு காபியைக் குடித்துவிட்டு வீடு சேருவார். 1962-ல் திறந்த அந்த ஓட்டலை 2008-ல் மூடி, 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது வேறு கதை. எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை அவர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்குள் நுழைந்து, பளபளவென்று பச்சையாக, உள்ளே காற்று நிறைந்த நாலைந்து காய்களை வாங்கி வந்துவிட்டார்.

பாட்டி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "உள்ளே ஒண்ணுமே இல்லையேடா, இதுக்கா காசு குடுத்தே?" என்றாள். முட்டைக்கோசு, காரட், பீட்ரூட், நூல்கோல் வரிசையில் இதுவும் இங்கிலீஷ் கறிகாய் என்று தீர்ப்பாயிற்று. திவசத்துக்கு ஆகாது, பண்டிகைக்கு ஆகாது, அவள் இலைக்கு என்றைக்குமே ஆகாது. மிளகாயே போர்த்துக்கீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்த அமெரிக்கச் சரக்குத்தானே, பாகற்காய்ப் பிட்லையில் அதை மட்டும் எப்படிச் சேர்க்கிறாய் என்று அப்பா மடக்கப் பார்த்தார். "அதனாலதான் திவசத்துக்கு மிளகாயும் போடறதில்லை, மிளகுதான்" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த வாதத்தில் அவள் ஜெயித்தாள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தாவரவியலும் அவள் பக்கம்தான். பச்சைமிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனம். ஒன்றுக்குக் காரம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. மற்றபடி இரண்டும் பங்காளிகள். ஒதுக்குவதென்றால் இரண்டையும்தான் ஒதுக்க வேண்டும்.

அப்பா சும்மா இருக்கவில்லை. நன்றாகப் பழுத்துச் சிவந்த ஒன்றை மார்க்கெட்டில் கேட்டு வாங்கி, அதன் விதையைக் கிணற்றடியில் போட்டார். முளைத்தது, வளர்ந்தது. பங்குனியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூத்த அத்தனையும் சித்திரையில் உதிர்ந்தது. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. "பூ வச்சுண்டு காய் வைக்காத செடி எதுக்குடா?" என்று ஒரு நாள் பாட்டி பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் குழியிலேயே கத்தரி நட்டாள். கத்தரி காய்த்தது. வத்தக்குழம்பும் ஆயிற்று.

அதே 1973 வாக்கில்தான் பெங்களூரில் இண்டோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் என்ற கம்பெனி, இந்தியாவின் முதல் கலப்பினக் குடைமிளகாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'பாரத்'. கூடவே வந்த தக்காளிக்கு 'கர்நாடகா'. அந்தப் பெயர்கள் எங்கள் தெருவுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பாட்டி மசிந்திருக்க மாட்டாள்.

பாட்டி போனாள். அப்பாவுக்கு அப்புறம் வீடு புரமோட்டர் கைக்குப் போயிற்று. கிணற்றை மூடினார்கள், நார்த்தையை வெட்டினார்கள், எங்கள் பங்குப் பணத்தோடு நான் அடையாறுக்கு வந்தேன். அக்கா ஏற்கெனவே தி.நகரில் வாக்கப்பட்டிருந்தாள். அத்திம்பேருடைய வீட்டுத் தென்னைகள் நின்ற இடத்தில் இப்போது ஒரு சேலைக்கடையின் ஜெனரேட்டர் ஓடுகிறது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கூறு கட்டி விற்ற காயைத்தான் அவர் கடைசிவரை நம்பினார். செடி வளர்க்கிறவர்களிடம் அவருக்கு ஒரு பரிதாபம் உண்டு.

நானாகத் தேடிப்போய்த் தோட்டக்காரன் ஆகவில்லை. 2020 மே 5-ம் தேதி கொரோனாவுக்காகக் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் இடம்பெயர்ந்த மார்க்கெட், சில நாளில் திருமழிசைக்கு ஓடியது. நடுவில் சில நாள் காய்கறி என்பது வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியாக இருந்தது. அந்த வாரத்தில்தான் சென்னையின் ஓய்வுபெற்ற ஆண்களில் பாதிப்பேர் விவசாயிகள் ஆனோம். மாடித்தோட்டம் என்பது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2013-லேயே சென்னைக்கும் கோவைக்கும் மானிய விலையில் வளர்ப்புப் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்த்து 'நீங்களே செய்து பாருங்கள்' என்று அரசாங்கம் ஒரு தொகுப்பே கொடுத்தது. அப்போது எங்களுக்கு ஆபீஸ் இருந்தது.

விதைக்கடைகள் மூடியிருந்தன. ஃபிரிட்ஜில் குடைமிளகாய் இருந்தது. ஒன்றை நறுக்கினால் காம்படியில் வெள்ளைத் தண்டோடு ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் விதை. வழக்கமாகக் குப்பைக்குப் போவது. "பச்சைக் காய்ல எடுத்தா பிஞ்சு விதைன்னா? பழுத்ததுல எடுங்கோ" என்றாள் மனைவி. அவள் கும்பகோணம். அவள் சொன்னது சரி. பச்சைக் குடைமிளகாய் என்பது தனி ஜாதி இல்லை, பழுக்காத காய். சிவப்பும் மஞ்சளும் அதே காய் முற்றினபின் வருகிற நிறம். விதை முற்றுவதும் அப்போதுதான்.

தெருவில் வந்த தள்ளுவண்டிக்கார அம்மாவிடம் கேட்டேன். "செவப்புக் குடைமிளகா, நல்லாப் பழுத்துத் தோல் சுருங்கினது இருக்காம்மா?"

மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார், ஊரே ஃப்ரெஷ்ஷா குடுன்னு பொறுக்கி எடுக்குது, நீ சுருங்குனதா கேக்குற? உடம்பு கிடம்பு நல்லாக்கீதா?"

"விதைக்கும்மா."

"வெதைக்கா! துட்டு வாணாம், எடுத்துக்கினு போ." கறிவேப்பிலையையும் கொசுறாக மேலே வைத்தாள். நான் என் வாழ்நாளில் இலவசமாக வாங்கிய ஒரே குடைமிளகாய் அதுதான். அதற்கப்புறம் அந்தச் செடிக்கு நான் செலவழித்ததை மனைவி ஒரு நோட்டில் எழுதிவருகிறாள். அந்தப் பக்கத்தை இங்கே பிரசுரிக்க அவள் அனுமதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விதையை வழித்தெடுத்து 'தினமணி'யின் மேல் நிழலில் உலர்த்தி, ஈர டிஷ்யூ பேப்பரில் பரப்பி, பழைய இனிப்பு டப்பாவில் மூடி வைத்தேன். மே மாத வெயில் அதற்கு மட்டும் உபகாரம் செய்தது. குடைமிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரிச் சூடு வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கென்று மின்சார மெத்தை வாங்குகிறார்கள். எனக்கு அலமாரியே போதுமாக இருந்தது. பத்து நாளில் ஒவ்வொரு விதையிலும் வெள்ளையாக ஒரு கொக்கி நீட்டியது. குழித்தட்டில் நட்டு, நாலு நிஜ இலை வந்ததும் பைக்கு மாற்றினேன்.

முளைக்கச் சூடு கேட்கிற செடி, காய்க்கக் குளுமை கேட்கிறது. பகல் 32 டிகிரியைத் தாண்டினால் பூவை உதிர்க்கும். ராத்திரி 24-க்கு மேல் போனாலும் காய்பிடிக்க யோசிக்கும். சென்னையில் மே மாத ராத்திரி 28 டிகிரி. ஜனவரியிலேயே 20, 21-க்குக் கீழே இறங்க மனசு வராது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போட்ட ஊர் இது. குடைமிளகாய்க்கு ஏற்ற இடம் ஓசூர், தளி, பெங்களூர். மூவாயிரம் அடி உயரம், பசுமைக்குடில், சொட்டுநீர். நம்முடைய சிவப்பும் மஞ்சளும் அங்கிருந்துதான் லாரி ஏறுகின்றன. அப்பாவின் கிணற்றடிச் செடி ஏன் பங்குனி, சித்திரையில் பூவையெல்லாம் கொட்டியது என்பது ஐம்பது வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்குத்தான் அப்பாவும் இல்லை, பாட்டியும் இல்லை.

ஆவணியில் என் செடிகளும் உதிர்த்தன. பச்சை நிழல்வலை கட்டினேன். தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தெளித்தேன். பூ நிற்கும் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்கிறார்கள். "ஆத்துல மோர் வடுமாங்காய்க்கே போதலை" என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் என்று படித்துக்கொண்டேன். என் செடியில் மேல் இலை மேலேயும் கீழ் இலை கீழேயும் சுருண்டிருந்தது. இரண்டும் குடியேறியிருந்தன. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்து அடித்தேன். கொல்லையில் இருந்த மிளகாய்ச் செடியிலும் இலை சுருண்டதுண்டு. பாட்டி அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளி வீசிவிட்டுப் போவாள். இப்போது வீட்டில் சாம்பல் கிடையாது. ஆன்லைனில் கிடைக்கிறது, விசாரித்தேன்.

ஐப்பசியில் மழை வந்து குளிர்ந்ததும் ஒரு வழியாகப் பிஞ்சு நின்றது. இந்த ஊரில் குடைமிளகாய்க்கு உகந்த பருவமும் புயல் பருவமும் ஒன்று என்பதை அப்போதுதான் கவனித்தேன். நவம்பர் 25-ம் தேதி நிவர் புயலுக்காகச் செம்பரம்பாக்கம் மதகைத் திறந்தார்கள். ஊரே 2015 வெள்ளத்தை நினைத்து வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, நான் பிஞ்சோடு இருந்த பைகளை ஒவ்வொன்றாக மாடிப்படி வளைவில் இறக்கிக்கொண்டிருந்தேன். அசோசியேஷன் காரியதரிசி லிஃப்ட் நின்றுபோன எரிச்சலில் படியேறி வந்தார். பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது ஃபயர் எக்ஸிட்" என்றார். புயலில் தீப்பிடிக்காது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

மார்கழியில் அறுவடை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே காயிலிருந்து எடுத்த விதை. ஆனால் ஒரு செடியில் தாய் மாதிரி நாலு மூலையோடு சதுரமாக ஒரு காய். அடுத்ததில் நீண்டு கூம்பிய காய். இன்னொன்றில் தக்காளி மாதிரி சப்பை. ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு மேல் வளரவே மாட்டேன் என்ற காய். தோல் மெல்லிசு. இனிப்பு மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

கடைக் காய் எஃப்1 கலப்பினம். இரண்டு வேறு வேறு தூய ரகங்களை, பூவைத் திறந்து, மகரந்தப் பையைக் கிள்ளி எறிந்து, கையால் ஒட்டுச் சேர்த்து உண்டாக்குவது. அந்த முதல் தலைமுறை மட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும், அமோகமாகக் காய்க்கும். அதன் விதையைப் போட்டால் பாட்டன் பூட்டன் குணமெல்லாம் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஆகவே விவசாயி வருஷாவருஷம் விதைக்குக் கடைக்கு வந்தே ஆக வேண்டும். கம்பெனிக்குக் காவலாளி வேண்டாம். பூட்டு விதைக்குள்ளேயே இருக்கிறது. 2001-ல் பாராளுமன்றம் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் போட்டது. விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மற்றவருக்குக் கொடுக்கவும், பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் உழவருக்கு அதில் உரிமை உண்டு. நல்ல சட்டம். உலகத்தில் இவ்வளவு தாராளமான சட்டம் அதிகம் கிடையாது. குடைமிளகாய் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இருந்தாலும் நான் விடவில்லை. சதுரமாகக் காய்த்த செடியில் ஒரு காயைப் பழுக்கவிட்டு, வாழைநாருக்கு அடையாறில் எங்கே போவது, கேக் டப்பாவில் வந்த சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். அந்த விதையை அடுத்த ஆடியில் போட்டேன். இந்தத் தடவை செடிகள் பிரமாதம். பக்கத்துப் பையில் வீட்டுச் செலவுக்கான பச்சைமிளகாயும் பிரமாதம். போன வருஷமும் அவை அப்படித்தான் அடுத்தடுத்து நின்றன. இரண்டின் பூவும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. காலையில் கொசுத்தேனீக்கள் இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்குமாகப் போய்க்கொண்டிருந்ததைக் காபி டம்ளரோடு நின்று ரசித்திருக்கிறேன்.

தை முடிந்து ஒரு நாள் அக்காவும் அத்திம்பேரும் சாப்பிட வந்தார்கள். மாடிக் குடைமிளகாயில் பருப்புப்பொடி தூவிக் கறி. காய் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நீளம். அதனால் என்ன, வீட்டில் விளைந்ததாயிற்றே. அத்திம்பேர் நுனித்துண்டை முதலில் எடுத்தார். "பரவாயில்லையே, தித்திக்கறது" என்றார். தோட்டக்காரர்களைப்பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்றுதான். பிறகு ரசஞ்சாதத்தோடு ஒரு பிடி கறியை அள்ளிப் போட்டுக்கொண்டார். மெல்லுவது நின்றது. காது சிவந்தது. மோரை டம்ளரோடு கவிழ்த்துக்கொண்டு, விக்கலுக்கு நடுவே கேட்டார்: "ஏண்டா, இது குடைமிளகாயா, மோர்மிளகாயா?"

மிளகாயின் காரம் விதையில் இல்லை. விதையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில் சுரக்கிறது. அதனால்தான் நுனி இனிக்கும், காம்படி கொல்லும். காரத்துக்குப் பொறுப்பான மரபணுவுக்கு 'பன்1' என்று பெயர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2005-ல் அடையாளம் கண்டது. குடைமிளகாயில் அந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் இனிப்பு. ஒரு பக்கமாவது பழுதில்லாதது வந்து சேர்ந்தால் காரம். ஆக என் ரிப்பன் கட்டிய காய் உருவில் தாயைக் கொண்டிருந்தாலும், அதன் விதைகளில் பலவற்றுக்கு அப்பன் பக்கத்துப் பைப் பச்சைமிளகாய். தாய் காயில் இது தெரியாது. பிள்ளை காய்க்கும்போதுதான் தெரியும். இதை நான் சாப்பாட்டுக்குப் பின் விளக்கியபோது அத்திம்பேர் தயிர்சாதம் இரண்டாம் தடவை கேட்டார். மற்றபடி எதுவும் பேசவில்லை.

பாட்டியின் டப்பா எப்படி வருஷாவருஷம் சொன்ன சொல் தவறாமல் இருந்தது என்று கேட்கலாம். அவளுக்கு எஃப்1 கிடையாது. கொல்லையில் ஒரே கத்தரி, ஒரே மிளகாய். கலக்க வேறு சரக்கே இல்லை. பக்கத்து வீட்டிலும் இவள் கொடுத்த விதைதான். பாட்டி மகா சாமர்த்தியசாலி என்று குடும்பத்தில் ஒரு ஐதீகம் உண்டு. இருக்கலாம்; ஆனால் தெரு முழுக்க ஒரே ரகம் என்பது அவள் சாமர்த்தியத்துக்குப் பாதிக்குமேல் கைகொடுத்திருக்கிறது.

இப்போது நான் கடையில் விதை பாக்கெட்டே வாங்குகிறேன். உள்ளே விதை ரோஸ் நிறத்தில் இருக்கிறது. திராம் என்கிற பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கிறதாம். 'விஷம், உணவாகப் பயன்படுத்தாதே' என்று மேலே போட்டிருக்கிறது. பாட்டி விதைக்குப் போக மிஞ்சிய அவரைக்கொட்டையைக் கூட்டில் போட்டுவிடுவாள்.

குடைமிளகாய் ஆசை உள்ள சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. விதையைச் சேமித்துப் பழக வேண்டுமென்றால் பாக்கெட்டில் எஃப்1 என்றோ ஹைப்ரிட் என்றோ போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். 1928-லிருந்து புழக்கத்தில் உள்ள கலிஃபோர்னியா வொண்டர், அல்லது ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா மோகினி, அர்கா கௌரவ் என்று கேட்டு வாங்குங்கள். அவை ரகங்கள், கலப்பினங்கள் அல்ல. விதை தாயைப் போலவே வரும். ஆவணியில் நாற்று விட்டால் பூக்கும்போது கார்த்திகை, மார்கழி ஆகியிருக்கும். விதைக்கு விடுகிற செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே அதற்குக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள். செடியைத் தினம் லேசாக உலுக்கினால் போதும், தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும். பச்சைமிளகாய்ப் பை மாடியின் மறுகோடியில் இருக்கட்டும். காய் முழுக்க நிறம் மாறிய பிறகே விதை எடுங்கள். இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் கத்தரி போடுங்கள். சென்னை வெயிலில் அது காய்க்கும்.